எந்த ல்ஹொத்தா?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, செக் நாட்டில் ‘ல்ஹொத்தா’ என்ற பெயரில் மட்டும், தனியாகவும் அடைமொழியோடும் சேர்த்து, சுமார் 300 ஊர்கள் இருக்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிராக் நகரில் நான்கு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எனக்கும் இது மனதுக்கு நெருக்கமான விஷயம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

என் மகன் பிர்னோ நகரத்தில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் நண்பர் ‘நோவா வெஸ்’ என்ற தன் கிராமத்துக்குச் சாப்பிட அழைத்திருக்கிறார். இவன் கைப்பேசியில் பெயரைத் தட்டி, வந்த முதல் ஊருக்கு டிக்கெட் எடுத்து, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால் அது வேறு நோவா வெஸ்! திரும்புகிற பஸ் சாயங்காலம்தான். குளிரில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்தான். இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யவேண்டும்?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

அம்மா, உங்கள் மகன் மேல் ஒரு தப்பும் இல்லை. நோவா வெஸ் என்றால் ‘புது ஊர்’. அந்த நாட்டில் எந்தத் திசையில் போனாலும் ஒரு புது ஊர் இருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதில் தடுமாறுவார்கள்.

அவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். ஒன்று, யாராவது கிராமத்துக்கு அழைத்தால் உடனே “எந்த ஒக்ரெஸ்?” என்று கேட்கவேண்டும். ஒக்ரெஸ் என்றால் மாவட்டம். இப்படிக் கேட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், கேட்காமல் விட்டால்தான் ஆச்சரியப்படுவார்கள். அங்கே பஸ், ரயில் நேரம் பார்க்கிற இணையத்தளத்தில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து இருக்கும். அது மாவட்டத்தின் சுருக்கம்: பெனெஷோவ் மாவட்டம் என்றால் பி.என்., ப்ரிப்ராம் என்றால் பி.பி. அதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது.

இரண்டாவது, அஞ்சல் குறியீட்டு எண்ணை வாங்கிக்கொள்ளவேண்டும். ஐந்து இலக்கம், 1973-இல் செக்கோஸ்லோவாக்கியாவாக இருந்தபோது கொண்டுவந்தது. முதல் இலக்கமே பாதி வேலையை முடித்துவிடும். 1 என்றால் பிராக், 2 என்றால் பிராகைச் சுற்றியுள்ள மத்திய பொஹீமியா, 6 என்றால் பிர்னோ பக்கம், 7 என்றால் அதற்கும் வடகிழக்கே. நண்பர் கொடுத்த முகவரி 6-இல் தொடங்கி, பஸ் 5-இல் தொடங்கும் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாம்.

ல்ஹொத்தா என்றால் என்ன அர்த்தம்? ஏன் அந்தப் பெயர் மட்டும் இவ்வளவு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

செக் மொழியில் ‘ல்ஹூத்தா’ என்று ஒரு சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தவணை, கெடு என்று பொருள். வரி கட்டக் கெடு, நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரக் கெடு, எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். ல்ஹொத்தா அதோடு ஒட்டிப் பிறந்த சொல். இப்போது 12, 13, 14-ஆம் நூற்றாண்டுகளுக்குப் போங்கள். இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவிலும் கிழக்குப் பகுதியான மொராவியாவிலும் ஆற்றங்கரைச் சமவெளிகள் எல்லாம் ஏற்கெனவே உழவுக்கு வந்துவிட்டன, மேட்டு நிலம் முழுக்கக் காடு. அரசருக்கும் பிரபுக்களுக்கும் மடாலயங்களுக்கும் நிலம் கிடக்கிறது, ஆனால் காடாகக் கிடக்கும் நிலத்தால் ஒரு பைசா வருமானம் இல்லை. ஆகவே ஆட்களைக் கூப்பிட்டார்கள். வாருங்கள், மரத்தை வெட்டுங்கள், வேரைப் பிடுங்குங்கள், வீடு கட்டுங்கள், இத்தனை வருடத்துக்கு எங்களுக்கு ஒன்றும் கொடுக்கவேண்டாம், அதற்கப்புறம் வருடா வருடம் குத்தகை அளக்கவேண்டும். இதுதான் ஒப்பந்தம். நம் கல்வெட்டுகளில் வருகிற ‘இறையிலி’ என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு கெடுவும் வைத்தால் அதுதான் ல்ஹொத்தா. காடு அடர்ந்ததாக, நிலம் கல்லும் சரிவுமாக இருந்தால் கூடுதல் வருடங்கள், எளிதான இடமென்றால் குறைவு.

இந்த வேலையைப் பிரபு நேரில் நின்று செய்யவில்லை. ‘லொகாத்தோர்’ என்று ஒரு ஆள் இருப்பார். ஆள் சேர்ப்பது, நிலத்தை அளந்து பங்கு பிரிப்பது, குடிகளைக் கொண்டுவந்து உட்கார வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கூலியாக அவருக்கு ஊர்த்தலைவர் பதவியும், பெரும்பாலும் ஒரு மாவு மில்லோ மதுக்கடையோ நடத்தும் உரிமையும் கிடைக்கும்.

அப்படி வந்து குடியேறியவர்களை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்லியிருப்பார்கள்? “அதோ, அந்தக் கெடுக்காரர்கள் இருக்கிற இடம்.” அவ்வளவுதான், பெயர் வந்துவிட்டது. ஒரே ஒப்பந்தம் ஒரே காலத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்தது, ஆகவே ஒரே பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒட்டிக்கொண்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்த பெயர் என்று சில வாசகர்கள் எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒவ்வொரு ல்ஹொத்தாவும் தனித்தனியாகக் காட்டை வெட்டி, தனித்தனியாகக் கெடு வாங்கி, தனித்தனியாகச் சம்பாதித்த பெயர் அது. வரைபடத்தில் ல்ஹொத்தா என்ற பெயர்களுக்கெல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தால், எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னால் செக் மொழி பேசிய குடியானவர்களின் கோடாலி எங்கெல்லாம் போனது என்று அப்படியே தெரியும். எனக்கு அது எந்தச் சரித்திர நூலுக்கும் குறைந்ததாகத் தோன்றியதில்லை.

ஸ்லோவாக்கியாவில் இதே சொல் ‘லெஹொத்தா’ ஆகிறது. போலந்தில் சிலேசியா பக்கம் போனால் ‘லிகோத்தா’. கத்தோவித்ஸே நகரத்தின் ஒரு பேட்டைக்கே அந்தப் பெயர்தான்.

‘புது ஊர்’ என்று பெயர் வைத்துவிட்டால் அது பழசான பிறகு என்ன செய்வார்கள்?
– ஒரு பள்ளி மாணவி, மதுரை

ஒன்றும் செய்யமாட்டார்கள், புதுசாகவே இருக்கும்! பிராக் நகரத்தின் ‘நோவே மியெஸ்தோ’, அதாவது புது நகரம், நான்காம் கார்ல் மன்னர் 1348-இல் உண்டாக்கியது. அதற்கு முன்பே இருந்த பகுதி பழைய நகரம், ஆகவே இது புது நகரம். 670 வருடம் தாண்டியும் பெயர் மாறவில்லை. இதே பெயரில் மொராவியாவில் ஒன்று, மெத்துயெ ஆற்றின் மேல் ஒன்று, ஸ்ம்ர்க் மலையின் கீழ் ஒன்று என்று தனித்தனி ஊர்களும் இருக்கின்றன. ஸ்கோடா கார் உனக்குத் தெரியுமே, அந்தத் தொழிற்சாலை இருக்கிற ஊர் ம்லாதா போலெஸ்லாவ், ‘இளைய போலெஸ்லாவ்’ என்று அர்த்தம். இளையது என்று பெயர், வயது ஆயிரத்துக்கு மேல். மூத்த போலெஸ்லாவ் பிராகுக்கு வடகிழக்கே எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது.

பிராகில் ‘ஊயெஸ்ட்’ என்று ஒரு டிராம் நிறுத்தம் பார்த்தேன். அதே பெயரில் நகரத்தின் கோடியிலும் ஒரு இடம் இருக்கிறதே?
– சுற்றுலா போய்வந்த வாசகர், சென்னை

ஒன்று இல்லை, பிராக் எல்லைக்குள்ளேயே மூன்று. பெத்ஷீன் குன்றுக்கு ஏறுகிற கம்பி ரயில் கிளம்புகிற இடத்தில் நீங்கள் பார்த்த ஊயெஸ்ட், கிழக்கே காட்டோரமாக ‘ஊயெஸ்ட் நாட் லெஸி’, தென்கிழக்கே ‘ஊயெஸ்ட் உ ப்ருஹோனித்ஸ்’. கிராமங்களாக இருந்தவற்றை நகரம் வளர்ந்து விழுங்கிக்கொண்டதால் வந்தது.

பெயர்க் காரணம் அழகானது. நிலத்துக்கு எல்லை குறிக்க அந்தக் காலத்தில் குதிரை மேல் ஏறி அதைச் சுற்றி வருவார்கள், அப்படிச் சுற்றி வந்து வளைத்த நிலம் ஊயெஸ்ட். ராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கிய பெரிய நிலப்பரப்புகளை இன்றும் அரசு இதே சொல்லால்தான் அழைக்கிறது.

இத்தனை குழப்பத்தில் தபால்காரர் எப்படிக் கடிதம் கொடுக்கிறார்? தெருப் பெயராவது உண்டா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகர்கோவில்

ஐயா, சின்ன கிராமங்களில் தெருப் பெயரே கிடையாது. ‘ல்ஹொத்தா 23’ என்றால் முகவரி முடிந்தது, கீழே அஞ்சல் எண்ணும் அஞ்சலகம் இருக்கிற ஊரும்.

அந்த 23 எங்கிருந்து வந்தது என்பதில்தான் சுவாரசியம். 1770-இல் மரியா தெரேசா மகாராணி படைக்கு ஆள் எடுக்கக் கணக்கு வேண்டும் என்று வீட்டுக்கு வீடு எண் போடச் சொன்னார். அன்று எண்ணிக்கொண்டே போனார்கள், அதன்பிறகு கட்டின வீடுகளுக்கு அடுத்தடுத்த எண். ஆகவே எண் என்பது வீடு இருக்கிற வரிசையைச் சொல்லாது, அது ஊருக்குள் வந்த வரிசையைச் சொல்லும். நான் ஒருமுறை பெனெஷோவ் பக்கத்தில் ஒரு ல்ஹொத்தாவில் 31-ஆம் எண் வீட்டைத் தேடினேன். ஊர் நடுவில் புல்வெளி, அதை ‘நாவெஸ்’ என்பார்கள், அதில் ஒரு குளம், இரண்டு ஆள் நின்றால் நிறைந்துவிடுகிற அளவில் ஒரு சின்னத் தேவாலயம், பக்கத்தில் ஒரு பெரிய லிண்டன் மரம். குளத்தைச் சுற்றி 3, 4, 5 என்று ஒழுங்காக வந்த எண் திடீரென்று 58 ஆகி, அப்புறம் 6. இரண்டு வீட்டுக்கு நடுவே காலியாக இருந்த இடத்தில் பின்னாளில் யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். மழைத்தூறலில் அரை மணி நேரம் சுற்றினேன். வேலியோரம் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, நான் எண்ணைச் சொல்வதற்கு முன்பே, “முதலில் எந்த ல்ஹொத்தா என்று சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். அந்தப் பெயரில் இன்னொன்று ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம். நான் தேடிய 31 அங்கேதான் இருந்தது. இந்த ஊர் 31-இல் ஒரு பசுவும் யாரும் குடியில்லாத வீடும்தான் என்று சொல்லி, கையில் நாலு ஆப்பிளைத் திணித்து வழியனுப்பினார்.

இன்னொன்றும் உங்களைப் போன்ற துறைக்காரர் தெரிந்துகொள்ளவேண்டும். வார இறுதியில் மட்டும் வந்து தங்குகிற குடில்களுக்குத் தனி வரிசையில் எண் கொடுக்கிறார்கள். ஒரே ஊரில் நிலையான வீடு 12-உம் இருக்கும், குடில் 12-உம் இருக்கும். முகவரியில் எண்ணுக்கு முன்னால் ஒரு சுருக்கெழுத்துப் போட்டு வேறுபடுத்துவார்கள், அதை விட்டுவிட்டால் தபால்காரருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதல் நடை.

பேசாமல் அரசாங்கமே எல்லாப் பெயரையும் மாற்றி வேறு வேறு பெயராக வைத்துவிடலாமே?
– ஒரு வாசகர், ஈரோடு

மாற்றத் தேவையில்லை, முன்னாலோ பின்னாலோ ஒன்று சேர்த்துவிட்டார்கள். பெரிய, சிறிய, மேல், கீழ், நீண்ட, வறண்ட, கல் என்று முன்னொட்டுகள். நீண்ட ல்ஹொத்தா, வறண்ட ல்ஹொத்தா, கல் ல்ஹொத்தா எல்லாம் நிஜ ஊர்கள். தென்பொஹீமியாவில் சிவப்பு ல்ஹொத்தா, ‘செர்வெனா ல்ஹொத்தா’, தண்ணீருக்கு நடுவே செக்கச் செவேலென்று ஒரு மாளிகை, பார்த்தால் மறக்கமாட்டீர்கள். பின்னொட்டு என்றால் ஆற்றின் மேல், மலையின் கீழ், இன்ன ஊர்ப் பக்கத்தில் என்று வரும். 1805-இல் நெப்போலியன் ஜெயித்த ஆஸ்டர்லிட்ஸ் இருக்கிறதே, அதற்கு செக் பெயர் ஸ்லாவ்கோவ், முழுப் பெயர் ‘பிர்னோ பக்கத்து ஸ்லாவ்கோவ்’, ஏனென்றால் வேறு ஸ்லாவ்கோவ்களும் உண்டு. சில சமயம் பக்கத்து ஊரே ஒட்டுப்பெயரோடு இருப்பதால் ‘மொராவியாவிலுள்ள புது நகரத்துக்குப் பக்கத்துப் புது ஊர்’ என்று ஒரு கிராமத்துக்குப் பெயர். செக் மொழியில் ஏழு சொல், கிராமமோ சின்னது.

ஒட்டுப்பெயர்களில்தான் அரசியலும் வரலாறும் உட்கார்ந்திருக்கிறது. ‘ப்ரோட்’ என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கிற துறை. ஒரு துறை செக் ப்ரோட், ஒன்று ஹங்கேரி போகிற வழியில் இருந்ததால் ஹங்கேரிய ப்ரோட், இன்னொன்று ஜெர்மானிய ப்ரோட். 1945-இல், நாஜி ஆக்கிரமிப்பு முடிந்த கையோடு, ஜெர்மானிய ப்ரோட் என்ற பெயரைத் தூக்கிவிட்டு ‘ஹவ்லீச்கூவ் ப்ரோட்’ ஆக்கினார்கள், ஹவ்லீசெக்கின் ப்ரோட். கரெல் ஹவ்லீசெக் 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையாளர், ஆஸ்திரிய அரசு அவரைப் பொஹீமியாவிலிருந்து வெளியேற்றி ப்ரிக்ஸன் என்ற ஊரில் வைத்திருந்தது, 1856-இல் 35 வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். அவர் பிறந்த பொரோவாவுக்கும் இப்போது ‘ஹவ்லீச்கோவா பொரோவா’ என்றுதான் பெயர், பொரோவா என்ற பெயரிலும் பல ஊர்கள் இருப்பதால். பேனா பிடித்த ஒருவர் ஒரு நகரத்தையும் ஒரு கிராமத்தையும் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்கு அதில் நிறைந்த மகிழ்ச்சி.

ஆனால் ஒட்டெல்லாம் வெளியூர்க்காரருக்குத்தான். ஊருக்குள் கேட்டுப் பாருங்கள், “ல்ஹொத்தாவில் இருக்கிறேன்” என்றுதான் சொல்வார்கள். முன்னால் நீண்ட, வறண்ட எதுவும் வராது.

ஒரே பெயர் கொண்ட ஊர்கள் ஒன்றையொன்று தெரிந்துவைத்திருக்கின்றனவா?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

நன்றாகவே. ல்ஹொத்தாக்களும் லெஹொத்தாக்களும் ஒவ்வொரு ஆண்டும் கூடுகின்றன, ஒவ்வொரு முறையும் வேறு ஊர் விருந்து படைக்கும். 1993-இல் செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் தனி நாடுகளாகப் பிரிந்த பிறகும் இந்த உறவு பிரியவில்லை. முந்நூறு பேர் வசிக்கிற ஊருக்கு எல்லை தாண்டி விருந்தாளிகள் வருவதை எண்ணிப் பாருங்கள். தாங்களாகவே உருவாக்கிக்கொண்ட சொந்தம் இது, எந்த அமைச்சகமும் கட்டளை போடவில்லை.

ஊர் போய்விட்டாலும் பெயர் நிற்குமா?
– ஒரு வாசகர், திருச்சி

நிற்கும். லிடிட்செ.

பிராகுக்கு வடமேற்கே சுமார் 500 பேர் இருந்த சுரங்கத் தொழிலாளர் கிராமம். நாஜி அதிகாரி ஹைட்ரிக்கை 1942 மே 27-இல் பிராகில் தாக்கினார்கள், ஜூன் 4-இல் அவர் இறந்தார். பழிவாங்க நாஜிகள் இந்தக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், தாக்குதலோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் நிரூபிக்கப்படவில்லை. ஜூன் 10 அன்று ஒரு பண்ணைச் சுவரருகே 173 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களை ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 82 குழந்தைகளை ஹெல்ம்னோ கொலை முகாமில் நச்சுவாயு வைத்துக் கொன்றார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள், வெடிவைத்தார்கள், கல்லறைகளைக்கூடத் தோண்டினார்கள், ஓடையின் போக்கை மாற்றினார்கள், வரைபடத்திலிருந்து பெயரையே அழித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

சரியாக இரண்டு வாரம் கழித்து லெஜாகி என்ற இன்னொரு சின்னக் குடியிருப்புக்கும் அதே கதி.

ஆனால் அந்த அறிவிப்பு உலகத்துக்கே கேட்டுவிட்டது. ஜூலை 12 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஜோலியட் பக்கத்தில் ஸ்டெர்ன் பார்க் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு தன் பெயரை லிடிட்செ என்று மாற்றிக்கொண்டது. மெக்சிகோ நகரத்தின் சான் ஹெரோனிமோ, பின்னால் லிடிட்செயைச் சேர்த்துக்கொண்டது. வெனிசுவேலாவின் கராகஸில் ஒரு பேட்டை, பனாமாவில் ஒரு ஊர், பிரேசிலில் ஒரு ஊர். பெண் குழந்தைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்துச் சுரங்கத் தொழிலாளர்கள், மருத்துவரும் அரசியல்வாதியுமான பார்னெட் ஸ்ட்ராஸ் முன்னின்று நடத்திய இயக்கத்துக்குத் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள், ஊரைத் திரும்பக் கட்ட.

பழைய ஊர் இருந்த இடம் இன்று வெறும் புல்வெளி. சரிவில் 82 குழந்தைகள் வெண்கலத்தில் நிற்கிறார்கள், மரியே உஹித்திலோவா என்ற சிற்பி வடித்தவை. குழந்தைகளின் காலடியில் யாராவது பொம்மையோ மிட்டாயோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், நான் போன அன்று ஒரு சின்னக் கம்பளிக் கையுறை இருந்தது.

போருக்குப் பின் 143 பெண்கள் திரும்பி வந்தார்கள், 17 குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்காகப் பக்கத்து மேட்டில் வீடுகள் கட்டினார்கள். வழக்கப்படி பார்த்தால் அந்த ஊருக்குப் ‘புது லிடிட்செ’ என்றுதான் பெயர் வந்திருக்கவேண்டும். வைக்கவில்லை. பெயர்ப் பலகையில் லிடிட்செ என்று மட்டும்தான் இருக்கிறது.